பின்னால் எத்தனை பேர் வந்தார்கள்

தலைமைத்துவம் என்ற சொல்லை என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது ஒரு கடற்கரை ஹோட்டலில். அதற்கு முன்னும் அது காதில் விழுந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில், தேர்தல் சமயத்தில், யாராவது மேடையில் நின்று சொல்வார்கள். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அரிசிச் சேமியா மீகூன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். எனக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் சொன்னது நான் வேலை செய்த தொழிற்சாலைதான். பிரிவுத் தலைவர்களையும் சூப்பர்வைசர்களையும் பஸ்ஸில் ஏற்றி அந்த ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைத் துணியால் கட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மணலில் நடக்கச் சொன்னார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர், முன்னால் போகிறவரை நம்புங்கள், நம்புங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானம் நல்ல சாப்பாடு. மாலையில் ஆளுக்கொரு சான்றிதழ்.

அன்று கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்தவர் ஒரே ஒருவர். "எனக்குத் தல சுத்தும்" என்று சொல்லிவிட்டு, தென்னை மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிரிவுக்குத் தலைவர் அவர். மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். கடை அண்ணன்மார் கைக்குப் போய்விட, இவர் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

அவரை எனக்குப் பிடிக்காது. சிரிக்க மாட்டார். மெஷினில் வயர் சிக்கினால், அங்கே நிற்கிற பெண்ணைத் திட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். நான் சூப்பர்வைசராக இருந்த மெஷின் வரிசையில், என் லைனில், அவரால் அழாத பெண் குறைவு. நான் போய்க் கேட்டால், "அழுதா பரவால்லம்மா, வெரலு போனா வராது" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அது செம்பனைத் தோட்டமாக மாறி, பிறகு தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்த பின், நாங்கள் மலாக்கா பக்கம் வந்தோம். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கார்களுக்குள் ஓடும் வயர்களை வெட்டி, முனையில் கிளிப் அடித்து, கட்டுக்கட்டாகச் சேர்க்கிற வேலை. கல்யாணமாகித் தங்கா பத்து என்ற ஊருக்குக் குடிவந்த பிறகும் அதே கம்பெனி பஸ், அதே லைன். வேலை பார்த்த லைனுக்கே ஒருநாள் சூப்பர்வைசர் ஆனேன். என்னோடு நின்றவர்கள் அன்றிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அது எனக்குப் பழகிப்போனது.

நோய்த்தொற்றுக் காலம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கூடுதல் நேர வேலை, ஓ.டி., குறைந்தது. கடைசி வரிசை மெஷின்களைப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினார்கள். சர்வீஸுக்கு என்று சொன்னார்கள். ஆனால் பாயின் ஆள்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு காலையில் பிரிவுத் தலைவர்களையும் சூப்பர்வைசர்களையும் மேல்மாடிக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். பொது மேலாளர் மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த சீனர், என்னைவிட வயதில் சின்னவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அன்று அவர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தலைமையகம் முடிவு செய்துவிட்டது, தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போகிறது, கையிலிருக்கும் பெரிய ஆர்டர் முடிந்ததும் இங்கே மூடுகிறோம் என்றார். ஆர்டர் முடியும்வரை கீழே யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் ஆள்கள் விட்டுவிட்டுப் போவார்கள், ஆர்டர் கெட்டுப்போகும், அப்புறம் எல்லாருக்கும் நஷ்டம். இந்த நேரத்தில்தான் உங்கள் தலைமைத்துவம் தெரிய வேண்டும் என்றார். அந்த ஹோட்டலில் கேட்ட அதே சொல்.

பாய் மட்டும் கேட்டார், அவருடைய உடைந்த ஆங்கிலத்தில்: "யாராச்சும் என்கிட்ட வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியுமே."

பொது மேலாளர் கணினியை மூடினார். நாங்கள் படியிறங்கி வந்தோம். கீழே லைன் ஓடிக்கொண்டிருந்தது. வானொலியில் பழைய பாட்டு ஒன்று. என் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு வந்த நாள்களைப் போல் கனமான நாள்களை நான் கண்டதில்லை. தெரிந்த ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆள்களோடு நிற்பது உடம்பு வலி மாதிரி. பஸ்ஸில் ஒருத்தி மகளைத் தனியார் கல்லூரியில் சேர்க்கப்போகிறேன் என்பாள். இன்னொருத்தி தங்கையையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள் அக்கா என்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.

என் லைனில் உள்ளே தள்ளியிருந்த தோட்டம் ஒன்றிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பதைத் தாண்டியவள். புருஷன் மோட்டார் சைக்கிளில் விழுந்து இடுப்பு உடைந்து வீட்டில் கிடந்தான். வேகமான கை, வாய் அதைவிட வேகம். ஒருநாள் தேநீர் நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்தக் கையுறை பேக்டரில ஆள் எடுக்குறாங்களாம். என் நாத்தனார் ஃபார்ம் வாங்கி வச்சிருக்கா. சம்பளம் ஒண்ணுதான். நான் போகவா, இங்கயே இருக்கவா? நீங்க சொல்லுங்க."

நான் யோசிக்கவேயில்லை. "போ. நாளைக்கே போ" என்றேன்.

அவள் முகம் சட்டென்று மாறியது. "ஏன்க்கா? நான் என்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. போன்னா போ."

"போன மாசம் லீவு போட்டேனே, அதுக்கா?"

காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றேன். நான் சொன்ன விதத்தில் அது மிரட்டல் போல்தான் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அழுதுகொண்டே கழிவறைக்குப் போனாள். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து மெஷினில் நின்றாள். இந்த அக்காவுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை, நான் ஏன் போக வேண்டும், இருந்து காட்டுகிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஃபார்மையும் கிழித்துப் போட்டுவிட்டாளாம்.

அவள் பாயிடமும் போயிருக்கிறாள். அவர் மத்தியானம் என் மேசைக்கு வந்தார். கையில் எண்ணெய்த் துணி.

"அந்தப் புள்ளைக்கிட்ட என்னா சொன்னே?"

சொன்னேன்.

"பாதியச் சொன்னியா? பாதி சொல்றது பொய்ய விட மோசம்மா. இப்ப அவ கோவத்துல இங்கயே கெடப்பா."

"முழுசும் சொல்ல முடியுமா பாய்? நீங்க சொல்வீங்களா?"

அவர் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு நேராக மேல்மாடிக்குப் போனார். அங்கே நடந்ததைப் பொது மேலாளரின் உதவியாளராக இருந்த பெண் எனக்குப் பிறகு சொன்னாள். நீங்களே இறங்கி வந்து சொல்லுங்கள், சொன்னால் ஆர்டரை முடித்துத்தர நான் ஆள்களிடம் கேட்கிறேன், என் பிரிவில் ஒருத்தரும் போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பாய் கேட்டிருக்கிறார். என் கையில் இல்லை என்று பொது மேலாளர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நாளைக்கு மத்தியானம் கேன்டீனில் நான் சொல்வேன், உங்களுக்குத் தெரியாமல் சொன்னேன் என்று ஆகக் கூடாது, அதற்காகத்தான் இப்போதே சொல்கிறேன் என்று பாய் சொன்னாராம். பொது மேலாளர் அதை நம்பவில்லை. வயசான மனுஷன், கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் கேன்டீனில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாய் எழுந்து தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றார். கையைத் தட்டினார். முதலில் மலாயில் பேசினார், அப்புறம் தமிழில். அவர் தமிழில் சொன்னது எனக்கு அப்படியே இருக்கிறது.

"கம்பெனிய மூடப்போறாங்க. இந்த ஆர்டர் முடிஞ்சதும். எங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும். வேற எடத்துல ஆள் எடுக்குறாங்கன்னா போய்ப் பாருங்க. கடைசி நாள் வரைக்கும் மெஷின்ல கவனமா நில்லுங்க. இதையே நெனச்சிக்கிட்டு கைய உள்ள விட்றாதீங்க. அவ்ளோதான்."

சமையல்காரப் பெண் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சிலர் பாயைச் சுற்றிக்கொண்டார்கள். சிலர் என் பக்கம் திரும்பினார்கள். அந்தத் தோட்டத்துப் பெண் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவள் முகம் இளகவில்லை.

சாப்பாட்டு நேரம் முடியுமுன் மேலிருந்து ஆள் வந்தது. பாயை உடனே வெளியே போகச் சொன்னார்கள். அவர் லாக்கரைத் திறந்து ஒரு சட்டை, தொழுகை விரிப்பு, மருந்துப் பெட்டி ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் காவலுக்கு நிற்கும் நேப்பாளத்துக் கார்டு ஒருவர் அவருக்குப் பின்னால் நின்றார். பாய் பலமுறை அந்தக் கார்டின் சைக்கிளைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். கார்டு தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

நான் லைனில் நின்றிருந்தேன். மணி அடித்துவிட்டது, மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவரோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். கட்டடத்திலிருந்து கேட்வரை நீண்ட தார்ச்சாலை, நிழல் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது.

"நீ எங்க வர்றே? லைன்ல ஆள் இல்லாம ஓடுது" என்றார்.

"கேட் வரைக்கும் வர்றேன் பாய்."

"போம்மா. உன்னையும் தூக்கிடுவானுங்க."

நான் போகவில்லை. பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். மேலும் கீழுமாக எல்லா ஜன்னலிலும் முகங்கள். கதவு திறந்தேதான் இருந்தது. வாசற்படியில் இரண்டு மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அப்புறம் யாரோ உள்ளேயிருந்து கூப்பிட, அவர்களும் போய்விட்டார்கள்.

பாய் திரும்பிப் பார்க்கவேயில்லை. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நடந்தார். கேட்டில் அடையாள அட்டையைக் கழற்றிக் கார்டிடம் கொடுத்தார். என்னிடம், "அந்த மூணாவது மெஷின்ல கத்தி ஆடுது. எங்க பிரிவுப் பையன்ட்ட சொல்லி டைட் பண்ணச் சொல்லு" என்றார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை; மூடப்போகிற இடத்தில் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. மறுநாளே அறிவிப்பு ஒட்டினார்கள். பொறுப்பற்ற ஒருவர் செய்தியைப் பரப்பியதால், மூடும் தேதியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஆர்டரின் ஒரு பகுதியை ஏற்கெனவே வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று லோரி ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள். பாய் பேசினாலும் பேசாவிட்டாலும் தேதி முன்னால் வந்திருக்கும். ஆனால் பஸ்ஸில் யாரும் அப்படிப் பேசவில்லை.

"அந்தப் பாய் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா. இன்னும் கொஞ்ச மாசம் ஓடியிருக்கும்."

"பெரிய லீடர்னு நெனப்பு."

"அவருக்கென்னா, புள்ளைங்க எல்லாம் தலையெடுத்திருச்சி. நம்ம கதைதான் நாறிப்போச்சி."

அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பலபேர் அந்த வாரமே கையுறைத் தொழிற்சாலைக்குப் போய் வேலை வாங்கினார்கள். கடைசிவரை இருந்தவர்கள் போனபோது அங்கே இடம் இல்லை. அந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கும் அங்கே கிடைத்தது. விடைபெற்றுப் போகிற அன்று எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். பாயின் பேச்சை அவளும் எடுக்கவில்லை, மற்றவர்களும் எடுக்கவில்லை.

கடைசி நாளில் எங்களையெல்லாம் கேன்டீனில் உட்காரவைத்து, பெரிய திரையில் தலைமையகத்து அதிகாரி ஒருவரைக் காட்டினார்கள். முன்பே பதிவு செய்த பேச்சு. நீங்கள் எங்கள் குடும்பம் என்றார். பொது மேலாளர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பேச்சு முடியுமுன் அவரும் காணாமல் போய்விட்டார். இப்போது கைப்பேசியைத் திறந்தால் அதே மாதிரி முகங்கள்தான். எங்கேயோ வெள்ளம், எங்கேயோ பாலம் இடிந்தது, எங்கேயோ ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. நல்ல கோட்டு போட்ட ஒருவர், நான் முழுப் பொறுப்பேற்கிறேன் என்கிறார். அந்தப் பொறுப்பை ஏற்றதால் அவருக்கு என்ன ஆனது என்று யாரும் போடுவதில்லை. நான் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறேன்.

சில மாதம் கழித்துத் தெங்கேராவுக்குப் பாயைப் பார்க்கப் போனேன். பெரிய சாலைக்குப் பின்னால் குறுகலான வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே பாய் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வேறு தொழிற்சாலைகளில் கேட்டுப் பார்த்தாராம். முன்பு எங்கே வேலை செய்தீர்கள் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்களாம். அண்ணன் கடையில் வந்து சேரும் பழைய விசிறிகளையும் மின்சாரச் சோற்றுப் பானைகளையும் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். சிகரெட்டை விட்டுவிட்டாராம், மார்பு வலி.

அவர் மனைவி தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். யார் யார் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று நான் சொன்னேன். அவர் ஒவ்வொருவரையும் விசாரித்தார். திட்டிய பெண்களையெல்லாம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்றதும், "அப்பாடா" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

பிறகு அவர் கேட்டார். விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"அன்னிக்கி நான் திரும்பிப் பாக்கல. பாத்தா அழுதுருவேன்னு பயந்துக்கிட்டு நேரா நடந்துட்டேன். பின்னாடி எத்தன பேரும்மா வந்தாங்க?"

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அவருடைய மனைவி என்னைப் பார்த்தார். பத்து பேர் என்று சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் வந்தார்கள் பாய், கார்டு விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். சரிபார்க்க அவருக்கு வழி இல்லை. ஆனால் அன்று என் மேசைக்குப் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு நின்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இந்த மனிதரிடம் போய்ப் பாதியைச் சொல்வதா என்று தோன்றியது.

"நான் மட்டும்தான் பாய்."

அவர் தலையை ஆட்டினார். அவசரமே இல்லாமல் பலதடவை ஆட்டினார். இறக்கையைத் தரையில் வைத்தார்.

"சத்தம் கேட்டுச்சே. காலடிச் சத்தம் நெறைய கேட்ட மாதிரி இருந்துச்சி."

அவர் திருகாணிகளை ஒரு மூடியில் பொறுக்கிப் போட்டார். பிறகு எழுந்து, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார். இன்னும் நேரம் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் மனைவி பின்னாலேயே வந்தார். கோபமாகக்கூட இல்லை. "கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமேம்மா. இத்தன மாசமா அதை வச்சிக்கிட்டுத்தானே இருந்தாரு" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொல்வதுதான் தலைமைத்துவம் என்று அவரிடம் கற்றுக்கொண்டேன் என்று யாராவது எழுதினால் அழகாக இருக்கும். அவர் ஊருக்குச் சொன்ன உண்மையால் சிலருக்கு வேலை கிடைத்தது. நான் அவருக்குச் சொன்ன உண்மையால் யாருக்கு என்ன கிடைத்தது? முன்னால் நடக்கிறவருக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்ற எண்ணமாவது வேண்டும் போலிருக்கிறது. அவரிடம் இருந்தது அந்த எண்ணம் ஒன்றுதான். அதையும் நான் எடுத்துவிட்டேனோ என்று பலநாள் நினைத்திருக்கிறேன். இல்லை, அவர் கேட்டது உண்மையைத்தான், பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்றும் நினைத்திருக்கிறேன். எது சரி என்று இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முன் அவரும் மனைவியும் ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தெங்கேரா வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நான் இப்போது மலாக்காவில் ஒரு பேரங்காடியில் துப்புரவுப் பணிக்கு சூப்பர்வைசர். குத்தகைக் கம்பெனி வேலை. என்னோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள், தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள். சமீபத்தில் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று கம்பெனியிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. கொஞ்ச நாள் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார்கள். அன்று காலையே, துப்புரவுச் சாமான் அறையில் வாளிகளுக்கு நடுவில் அவர்களை உட்காரவைத்து முழுதாகச் சொன்னேன். எப்போது முடியும், எனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, எல்லாம்.

நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் கேள்வி கேட்கவில்லை. ஓர் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர், எங்களில் மூத்தவர், என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏன்மா இப்பவே சொன்னே? எனக்கு இந்த வயசுல எவன் வேல குடுப்பான்? சொல்லாம இருந்திருந்தா அதுவரைக்குமாவது நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

கடை திறக்கும் நேரமாகிவிட்டது. ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த மூத்த அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அவருடைய இரண்டாம் மாடியை அன்று நான் துடைத்தேன்.